துப்பறிபவர் யாருக்குச் சொந்தம்?

தொடராக வரும் கொலைக் கதைகளை ஒன்றுவிடாமல் படித்தவரிடம், ஏழாவது புத்தகத்தில் கொலைகாரன் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விழிப்பார். மேக்ரேயின் வீடு எங்கே என்று கேட்டால், பாரிஸில் ரிச்சர்-லெனுவார் சாலையில் என்று உடனே பதில் வரும். விசாரணை நள்ளிரவைத் தாண்டினால் பக்கத்துக் கடையிலிருந்து பீரும் சாண்ட்விச்சும் தருவிப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்வார். ஜார்ஜ் சிமெனோன் 1931 முதல் 1972 வரை எழுதிய 75 மேக்ரே நாவல்களில் செத்தவர்கள், கொன்றவர்கள் எல்லோரும் கலைந்து போனார்கள். பைப்பும், கனத்த ஓவர்கோட்டும், சமைத்து வைத்துக் காத்திருக்கும் திருமதி மேக்ரேயும் தங்கிவிட்டார்கள்.

கொலை ஆசிரியருடைய சொத்து. துப்பறிபவர் நாலைந்து புத்தகங்களுக்குள் வாசகர் கைக்கு மாறிவிடுகிறார். கீழே உள்ளவை எல்லாம் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றி அவ்வப்போது எழுதி வைத்தவை.

*

வாடகை நூலகத்துப் பிரதிகளில் சிலவற்றின் முதல் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். தனிக் கதை என்றால் அதோடு தீர்ந்தது, திருப்பிக் கொடுத்துவிடலாம். தொடர் நாவல் என்றால் அப்படியும் படிக்கிறோம். அந்தப் பென்சில்காரரால் கெடுக்க முடிந்தது பாதியைத்தான்.

*

வாசகர்தான் நல்ல கணக்குப்பிள்ளை. ஆசிரியர்கள் மறந்துபோகிறார்கள். ஆப்கானிஸ்தானத்துப் போரில் வாட்சன் மீது பாய்ந்த குண்டு, 1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில் தோளில் இருக்கிறது. 1890-இல் வந்த இரண்டாவது நாவலில் காலுக்கு இறங்கிவிட்டது. ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். கானன் டாயில் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வாசகர்கள் விடவில்லை. தோளா காலா என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். 'ஜேம்ஸ்' விவகாரத்துக்கு ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்தவர் டோரதி சேயர்ஸ். லார்ட் பீட்டர் விம்ஸி என்ற துப்பறிவாளரைப் படைத்தவரே, இன்னொருவரின் பேரேட்டைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

சிமெனோன் இன்னும் துணிச்சல்காரர். முதல் மேக்ரே நாவலிலேயே டொரான்ஸ் என்ற உதவியாளர் கொல்லப்படுகிறார். பின்னால் வந்த நாவல்களில் அதே டொரான்ஸ் எதுவும் நடக்காததுபோல் வேலைக்கு வந்து நிற்கிறார். உயிர்த்தெழுந்ததற்கு ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. லூக்கா, ஜான்வியே, லாப்வாந்த், டொரான்ஸ் என்று மேக்ரேயின் அலுவலக அறை நிறைந்திருக்க வேண்டும். அதுதான் முக்கியம் என்று தோன்றியிருக்கும்.

*

இந்தச் சொத்துத் தகராறை சிமெனோன் உணர்ந்துதான் இருந்தார். 1951-இல் வெளிவந்த 'மேக்ரேயின் நினைவுக் குறிப்புகள்' மேக்ரேயே எழுதுவதாக அமைந்த நூல். சிமெனோன் என்ற இளைஞர் தன் அலுவலகத்துக்கு வந்துபோனதையும், பிறகு தன்னைப் பற்றி எழுதியவற்றில் எங்கெங்கே பிசகினார் என்பதையும் மேக்ரே பொறுமையாகச் சொல்கிறார். படைத்தவன் மேல் பாத்திரம் கொடுக்கும் புகார் மனு அது. அதற்கும் முன்பே, 1934-இல், மேக்ரேயை ஓய்வுபெற வைத்து லுவார் நதிக்கரை ஊர் ஒன்றில் தோட்டமும் தூண்டிலுமாகக் குடிவைத்திருந்தார் சிமெனோன். அந்த ஓய்வு நிலைக்கவில்லை. அடுத்தடுத்த நாவல்களில் மேக்ரே பழைய நாற்காலிக்கே திரும்பிவிட்டார்.

*

தாங்கள் பெற்ற துப்பறிபவரை ஆசிரியர்கள் வெறுக்க ஆரம்பிக்கும் கட்டம் ஒன்று வரும். கானன் டாயில் 1893 டிசம்பரில் ஹோம்ஸை சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளினார். வரலாற்று நாவல்கள் எழுத வேண்டும், இந்த ஆள் குறுக்கே நிற்கிறான் என்பது அவர் குறை. கதைகளை வெளியிட்டுவந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் சந்தாதாரர்கள் கூட்டமாக விலகினார்கள். 1903-இல் ஹோம்ஸ் பிழைத்து வந்தார். அவர் இல்லாத காலத்தில் வாட்சனின் மனைவி காலமாகியிருந்தார், அதுவும் ஒரு சொற்றொடரில் முடிந்துவிட்டது. துக்கம் விசாரிக்கக்கூட நேரம் தரவில்லை. பேக்கர் தெரு வீட்டில் பழையபடி இரண்டு ஆண்கள் இருந்தால்தான் கதை நடக்கும்.

அகதா கிறிஸ்டி இதைவிடச் சாமர்த்தியமாகப் பழி தீர்த்துக்கொண்டார். தன் நாவல்களுக்குள்ளேயே அரியாட்னி ஆலிவர் என்ற மர்மக் கதாசிரியையைக் கொண்டுவந்தார். அந்த அம்மாள் ஸ்வென் யெர்சன் என்ற பின்லாந்துத் துப்பறிவாளரை வைத்து எழுதிப் புகழ் பெற்றவர். பின்லாந்தைப் பற்றி எதுவும் தெரியாமல் ஏன்தான் அந்த ஆளைப் பின்லாந்துக்காரனாக்கினேனோ என்று புலம்பிக்கொண்டே இருப்பார். கிறிஸ்டியின் சொந்தத் துப்பறிவாளர், பெல்ஜியக்காரரான புவாரோ பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

*

வயது. தொடர் எழுதும் ஒவ்வொருவரும் தீர்மானித்தாக வேண்டிய விஷயம்.

புவாரோ 1920-இல் அறிமுகமாகும்போதே பெல்ஜியப் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். 1975 வரை புத்தகங்கள் வந்தன. கணக்குப் போட்டால் நூறைத் தாண்டிவிடுவார். இன்னும் இளையவராகத் தொடங்கியிருக்க வேண்டும் என்று கிறிஸ்டி பின்னாளில் வருந்தினார். ஆனால் டாமி, டப்பென்ஸ் என்ற துப்பறியும் ஜோடிக்கு அவரே வயதாக விட்டார். 1922-இல் வேலையில்லாத துடுக்குப் பிள்ளைகள், 1973-இல் வீடு மாறிப் பழைய புத்தகங்களை அடுக்கும் தாத்தா பாட்டி.

சூ கிராஃப்டன் வேறு வழி கண்டார். அவருடைய துப்பறிவாளர் கின்ஸி மில்ஹோன் 1982-இல் தொடங்கினார். ஆங்கில எழுத்துகளின் வரிசையில் தலைப்புகள். 2017-இல் 25-ஆவது நாவல் வந்தபோது கதைக்குள் இன்னும் 1989-தான். வெளியே 35 ஆண்டுகள் ஓடின, உள்ளே ஏழு. வாசகர் கையில் செல்போன் வந்துவிட்டது, கின்ஸி பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக்கொண்டிருக்கிறார்.

இயன் ரேங்கின் நேர்மையாளர். எடின்பரோவின் ஜான் ரீபஸ் 1987 முதல் வருடத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே வந்து, 2007-இல் அறுபதைத் தொட்டு ஓய்வு பெற்றார். போலீஸாரின் ஓய்வு வயதை உயர்த்தக் கூடாதா என்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் கேட்டார். ரீபஸை மனத்தில் வைத்து! 2012-இல் ரீபஸ் திரும்பி வந்தார். விதிகளுக்கு உட்பட்டுத்தான், பழைய வழக்குகளைப் பார்க்கும் வெளியாளாக.

*

கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வாழும் செயின்ட் மேரி மீட் போன்ற ஒரு கிராமத்தில் அத்தனை கொலை நடந்தால் நிஜத்தில் யார் குடியிருப்பார்கள்? வீட்டு வாடகையாவது குறைந்திருக்கும். மிஸ் மார்ப்பிள் கம்பளி நூலை எடுத்துக்கொண்டு தேநீருக்குக் கிளம்புகிறார். நாமும் கூடவே போகிறோம். 'நம்மவர்' யாருக்கும் ஒன்றும் ஆகாது என்ற உடன்பாடு இருக்கிறது.

*

அந்த உடன்பாட்டைத் தெரிந்தே மீறியவர்கள் சுவீடன் இணையர் மாய் ஷோவாலும் பெர் வாலோவும். மார்ட்டின் பெக் நாவல்கள் பத்துதான் என்று திட்டமிட்டு, 1965 முதல் 1975 வரை வருடத்துக்கு ஒன்று என்ற அளவில் எழுதி முடித்தார்கள். குழந்தைகள் தூங்கியபின் இரவில் ஆளுக்கு ஓர் அத்தியாயம். நான்காவது நாவலில் ஸ்டாக்ஹோம் டபுள்டெக்கர் பஸ் ஒன்றில் பயணிகளைச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். செத்தவர்களில் ஒருவன் ஸ்டென்ஸ்ட்ரோம். பெக்கின் குழுவிலேயே இளையவன், முந்தைய நாவல்களில் நாம் பார்த்துப் பழகியவன்.

பிணமாக அறிமுகமாகிறவனுக்காக எந்த வாசகரும் அழுவதில்லை. இங்கே முதல்முறையாக நம் வீட்டுச் சாவு. ஸ்டென்ஸ்ட்ரோமை மணக்க இருந்த ஓசா டோரெல் பின்னால் போலீஸிலேயே சேர்கிறாள். பெக்கின் மணவாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் தேய்ந்து, அவர் முதலில் சோபாவுக்கும் பிறகு தனி வீட்டுக்கும் நகர்கிறார். வரிசை மாற்றிப் படித்தால் இதெல்லாம் வீணாகிவிடும். பெக் நாவல்களுக்கு மட்டும் வரிசை தவறக்கூடாது என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். புவாரோவை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம்.

*

நம் ஊர் மாத நாவல்களில் யாருக்கும் வயதாகாததற்குக் கலைக் காரணம் தேட வேண்டாம், வியாபாரக் காரணமே போதும். பஸ் கிளம்புமுன் பெட்டிக்கடையில் வாங்கும் புத்தகம் ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிய வேண்டும். போன மாதம் வாங்காதவருக்கும் புரிய வேண்டும். ஆகவே முன்கதை கிடையாது, அடையாளங்கள் உண்டு. ராஜேஷ்குமாரின் விவேக்கோடு ரூபலா, சுபாவின் நரேந்திரனோடு வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தோடு சுசீலா. சுசீலாவின் டி-ஷர்ட்டில் இந்த மாதம் என்ன வாசகம் என்று பார்த்தபிறகுதான் பலர் கொலைப் பக்கமே போனார்கள். அந்த வாசகத்துக்கும் துப்புக்கும் சம்பந்தமே கிடையாது. தெரிந்த வீட்டுக்குள் வந்துவிட்டோம் என்று சொல்ல ஒரு வாசல் கோலம், அவ்வளவுதான்.

*

தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு இந்த மரபையே தலைகீழாக்கியவர். வாட்சனுக்கும் வாசகருக்கும் தெரியாதது ஹோம்ஸுக்குத் தெரியும். சாம்புவுக்கோ ஒன்றும் தெரியாது என்பது வாசகருக்குத் தெரியும். பேங்க் குமாஸ்தா வேலை போன சாம்பு தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுகிறான். ஊரும் இன்ஸ்பெக்டர் கோபாலனும் மேதை என்று கொண்டாடுகிறார்கள். உண்மை தேவனுக்கும் நமக்கும் மட்டும். கதைக்குக் கதை இந்த ரகசியம் வளர்கிறது. ஹோம்ஸை நாம் வியக்கிறோம். சாம்புவைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறோம்.

*

திரை முகங்கள். காலின் டெக்ஸ்டரின் முதல் நாவல்களில் துப்பறியும் மோர்ஸைவிட அவர் உதவியாளர் லூயிஸ் மூத்தவர், வேல்ஸ்காரர். 1987-இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது. கெவின் வேட்லி என்ற இளைய, வடக்கத்திய லூயிஸை நாடே பார்த்தது. அடுத்த நாவல்களில் டெக்ஸ்டர் தம் லூயிஸையே மாற்றிக்கொண்டார்.

சத்யஜித் ராய் ஃபெலுடா கதைகளுக்குத் தாமே படம் வரைந்தவர். மர்ம நாவலாசிரியர் ஜடாயுவாக சந்தோஷ் தத்தா நடித்தபின், ராயின் கோட்டோவியத்திலும் ஜடாயு அவர் சாயலுக்கு வந்துவிட்டார். 1988-இல் தத்தா மறைந்ததும், அவர் இல்லாமல் ஃபெலுடா படம் எடுப்பதில்லை என்று ராய் விட்டுவிட்டார்.

1978-இல் 'ப்ரியா' படத்தில் சுஜாதாவின் துப்பறியும் வக்கீல் கணேஷாக வந்தவர் ரஜினிகாந்த். படம் ஓடியது. ஆனால் சுஜாதா வாசகர்கள் மனத்திலிருந்த கணேஷ் ஓவியர் ஜெயராஜ் வரைந்தவராகவே இருந்தார், நகரவில்லை.

*

முடிவுகள் பற்றி. கிறிஸ்டி இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே புவாரோவின் கடைசி வழக்கை எழுதிப் பத்திரப்படுத்தினார். அது 1975-இல் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி வெளியிட்டது. சிசிலியின் ஆந்த்ரேயா காமிலேரியும் தம் துப்பறிவாளர் மொந்தல்பானோவின் இறுதி நாவலை 2005-இல் எழுதிப் பதிப்பாளரிடம் ஒப்படைத்தார். அவர் மறைந்த மறுவருடம், 2020-இல், அது வெளியானது. கிராஃப்டனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கடைசி எழுத்துக்கு முந்தைய எழுத்தோடு அவர் காலமானார். வேறொருவரைக் கொண்டு எழுத வைக்க மாட்டோம் என்றது குடும்பம், எழுத்து வரிசை அங்கேயே நின்றது. புவாரோவுக்கோ கிறிஸ்டி குடும்பத்தின் சம்மதத்தோடு 2014 முதல் சோஃபி ஹன்னா புது வழக்குகள் எழுதுகிறார்.

எது சரி? வாசகர் சொத்து என்று மேலே எழுதிவிட்டதால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொத்து நம்முடையது என்பதாலேயே புதிய பங்காளி வேண்டாம் என்பேன். சுஜாதா 2008-இல் போனபின், கணேஷையும் அவர் ஜூனியர் வசந்தையும் யாராவது தொடர்ந்தால் என்ன என்ற பேச்சு நண்பர்களிடையே அவ்வப்போது எழுகிறது. நடை பிடிபடலாம், 'பாஸ்' என்று கூப்பிடுவதும் எளிது. ஆனால் வசந்த் எத்தனையோ கதைகளில் ஆரம்பித்து ஒன்றில்கூட முடிக்க விடப்படாத மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் இருக்கிறது. புதிதாக எழுத வருகிறவருக்கு அதை முடித்து வைக்கக் கை அரிக்கும். வருடக்கணக்காக ஆளுக்கொரு முடிவு வைத்திருக்கிறோம், நம்முடையதே நன்றாக இருக்கிறது. வசந்த் வாயைத் திறக்கட்டும், கணேஷ் அடக்கட்டும். அதைத் தாண்டி ஒரு வரியும் சேர்க்க யாருக்கும் பாத்தியதை இல்லை.