உறுதிமொழிக்குள் கடவுள் வந்த கதை

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியப்பா எழுதுவது. பிள்ளை அமெரிக்கப் பள்ளியில் காலையில் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்று வருகிறதே, அது நாட்டை நிறுவியவர்கள் வைத்ததா என்று கேட்டிருந்தாய். இல்லை அம்மா, அவர்கள் காலத்தில் அந்த உறுதிமொழியே கிடையாது.

கொலம்பஸ் வந்திறங்கிய 400-ஆம் ஆண்டைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக, 1892-இல் 'யூத்ஸ் கம்பேனியன்' என்ற பாஸ்டன் பத்திரிகை அதை வெளியிட்டது. எழுதிய பிரான்சிஸ் பெல்லமி பாப்டிஸ்ட் போதகர், கிறிஸ்தவ சோஷலிஸ்ட். ஆனாலும் கடவுளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து முப்பது வருடம்கூட ஆகாத நேரம். நாடு மறுபடி பிளவுபடக் கூடாது என்பதே அவர் கவலை. 'பிரிக்க முடியாத ஒரே தேசம்' என்று எழுதியது அதனால்தான்.

1950-களில் பனிப்போர் முற்றியது. சோவியத் ரஷ்யா நாத்திக நாடு, நாம் அப்படியல்ல என்று காட்டிக்கொள்ளும் வேகம் அமெரிக்காவைப் பிடித்தது. 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்கச் சங்கம் 1951-லேயே தன் கூட்டங்களில் 'கடவுளின் கீழ்' என்பதைச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் போதகர் ஜார்ஜ் டோக்கர்ட்டி பிரசங்கம் செய்தார். இப்போதிருக்கும் உறுதிமொழியை மாஸ்கோ பிள்ளைகளும் தங்கள் கொடியைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்பது அவர் வாதம். அதிபர் ஐசனோவர் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 14-இல், கொடி நாளன்று, 'கடவுளின் கீழ்' என்பதை உறுதிமொழியில் சேர்க்கும் திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டு ஆண்டுகளில் 'கடவுளை நம்புகிறோம்' என்பது தேசிய முழக்கமும் ஆயிற்று.

வழக்குகளும் வந்தன. கலிஃபோர்னியாத் தகப்பன் ஒருவர் தொடுத்த வழக்கில், மகள் சார்பில் வழக்காட அவருக்குத் தகுதியில்லை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வரி அரசியலமைப்புக்கு ஒத்ததா என்ற கேள்விக்குள் பெரும்பான்மைத் தீர்ப்பு போகவில்லை.

உனக்கு வேண்டியது அதற்கும் முந்திய தீர்ப்பு. கொடி வணக்கம் தங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்று யெகோவாவின் சாட்சிகள் மறுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிகள் நீக்கின. 1940-இல் உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. மூன்றே ஆண்டில் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, எந்த மாணவரையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

ஆகவே, பிள்ளைக்கு மனமிருந்தால் முழுவதும் சொல்லட்டும். அந்த வரியில் மட்டும் வாயை மூடிக்கொண்டாலும், எதுவுமே சொல்லாமலிருந்தாலும் அது அவள் உரிமை. ஆசிரியர் யாராவது வற்புறுத்தினால், தயங்காமல் 1943-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா