பெட்டை ஒளிக்கும் முட்டை

நாட்டுக்கோழி வளர்த்துப் பழகிய கைக்கு வான்கோழி பிடிபடாமல் போவது நேரத்தில்தான். நாட்டுக்கோழி பெரும்பாலும் வெயில் ஏறுவதற்குள் முட்டையிட்டுவிடும். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போதே விரல் விட்டுப் பார்த்து, முட்டை இருக்கிற கோழியை மட்டும் உள்ளே நிறுத்தி, இட்ட பிறகு விடுவார்கள். வான்கோழிப் பெட்டைக்கு இந்தக் கணக்கு உதவாது. பத்து முட்டையில் ஏழு பிற்பகலில்தான் வரும். காலையில் ஒன்றும் இல்லை என்று திறந்துவிட்டால், சாப்பிட்டுவிட்டு நாம் கண் அயரும் நேரத்தில் தாழம்புதருக்குள் இட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மேய்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஆயா சொல்வது இதுதான்: "நாலு மணி வரைக்கும் அடைச்சு வை கண்ணு. அப்புறமா எங்க வேணா போய் மேயட்டும்."

அவ்வளவுதான் வழி. பெட்டை இடும் பருவத்தில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

*

ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஒரு நாளைவிடச் சற்று அதிகம் ஆகிறது. ஆகவே இன்று ஒரு மணிக்கு இட்டது நாளை அதற்குப் பிந்தி இடும், மறுநாள் இன்னும் பிந்தும். தள்ளித் தள்ளிப் போய் மாலை நெருங்கியதும் ஒரு நாள் விட்டுவிட்டு, மறுபடி முன்னேரத்தில் தொடங்கும். இடையில் வரும் அந்த வெறும் நாளைப் பார்த்து, முட்டை நின்றுவிட்டது என்று தீவனத்தைக் குறைப்பவர்கள் உண்டு. கூடாது. அந்த ஓய்வு அதன் சுழற்சியிலேயே இருக்கிறது.

*

கூடு தேடும் பெட்டையைப் பின்தொடர்வது பெரிய வேலை. நேராகப் போகாது. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் நின்றுவிடும், புல்லைக் கொத்தும், வேறு பக்கம் திரும்பி நடக்கும். நாம் சலித்து வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கூட்டுக்குப் போகும். கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாது. தரையில் ஆழமில்லாத ஒரு குழி, அதில் உதிர்ந்த இலையும் சருகும். மேலே ஏதாவது கவிந்திருக்க வேண்டும், பின்பக்கம் மறைவு வேண்டும், முன்னால் கொஞ்சம் பார்வை வேண்டும். இட்டு முடித்துக் கிளம்பும்போது சருகை இழுத்து முட்டைமேல் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. பழுப்பு வெள்ளை ஓட்டில் செம்பழுப்புப் புள்ளி தெளித்த முட்டை அது. சவுக்குச் சருகுக்கு நடுவில் கண்ணுக்கு எளிதில் படாது.

இத்தனை காபந்தும் எதற்கு என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் கோபம் வராது. வட அமெரிக்கக் காடுகளில் தரையில் கூடு வைத்த பறவை இது. மெக்சிகோவில் மனிதர் கைக்கு வந்து ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகியும் அந்த எச்சரிக்கை போகவில்லை. நம் ஊரில் கீரி, காக்கை, சாரை, உடும்பு, தெருநாய் எல்லாம் இருக்கும்போது அது போகாமல் இருப்பதே நல்லது.

*

சென்னைப் பக்கம் எங்கள் காட்டுப்பள்ளி ஒரு மணல் திட்டு. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும். வடக்கே பழவேற்காடு, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். சவுக்கு, பனை, தாழை, வேலிக்காத்தான், கடலோரம் அடம்பங்கொடி. ஒளிந்து முட்டையிட இதைவிட நல்ல இடம் பெட்டைக்குக் கிடைக்காது.

ஆனால் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் திட்டம் இன்னும் பேச்சில் இருக்கிறது. மீனவ மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். புதர் இருந்த இடத்தில் மதில் வந்தால் பெட்டை மதில் ஓரத்துக்குப் போகும். மதில் ஓரத்தில் கன்டெய்னர் லாரி போகும் சாலை இருக்கும். வீட்டுப் பறவைகள் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய விஷயங்களைப் பேசும்போது யாரும் கோழியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் முட்டையையும் குஞ்சையும் விற்றுச் சீட்டுக் கட்டும் பெண்களுக்கு அது கணக்கில் உள்ள பொருள்தான்.

*

செய்யக்கூடியது: மறைவை நாமே வீட்டருகில் கொடுத்துவிடுவது. கொல்லையின் மூலையில் பனையோலையைச் சாய்த்துக் கட்டி, கீழே மணலும் வைக்கோலும் போட்டு, கொஞ்சம் இருட்டாக வைத்தால் போதும். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே இது தயாராக இருக்க வேண்டும். பழகிய பிறகு இடத்தை மாற்றக்கூடாது. முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை விட்டுவைக்க வேண்டும்; மரத்தில் கடைந்த போலி முட்டையும் போதும். மொத்தமாக எடுத்துவிட்டால் அந்த இடத்தை அது நம்பாது, வேறு புதர் தேடிவிடும்.

இரண்டு மூன்று பெட்டை இருந்தால் எல்லாம் ஒரே குழியில் இடப் பார்க்கும். இடும்வரை சிக்கல் இல்லை. அடைக்கு உட்காரும்போதுதான் தள்ளுமுள்ளு வந்து முட்டை உடையும்.

*

பெட்டை முதல் முட்டை இட ஏறக்குறைய முப்பது வாரம் ஆகும். அதன் பிறகு சுமார் ஆறு மாதம் இடும். நல்ல தீவனமும் மாலையில் கூடுதல் விளக்கும் கொடுத்தால் ஆண்டுக்கு 60 முதல் 100 முட்டை வரை. கொல்லையில் தன் போக்கில் விட்டால் இதற்குக் குறைவுதான்.

விளக்கு எதற்கு? பகல் நீளத்தைப் பார்த்துத்தான் அதன் உடல் முட்டைக்குத் தயாராகிறது. குளிர் நாடுகளில் குறுகிய பகல் முடிந்து நாள் நீளும்போது சட்டென்று தொடங்கும். சென்னைப் பக்கம் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். அதனால் நம்மூர்ப் பெட்டைக்குக் கிடைக்கும் குறிப்பு மங்கலானது. தை பிறந்த பிறகு இடத் தொடங்கினால் வியப்பில்லை. பண்ணைகளில் பல்பு போட்டுப் பகலைப் பதினான்கு மணி நேரமாக நீட்டுகிறார்கள். அதற்காக இரவு முழுக்க வெளிச்சத்தில் வைத்திருப்பது தவறு. இருட்டும் அதற்கு வேண்டும்.

*

இங்கிருந்து மணலி வழியாகப் போனால் மாதவரம் பால்பண்ணை. 1989-இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை என்ற அமெரிக்க இனத்தையும் கலந்து அந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கியதுதான் 'நந்தனம் வான்கோழி-1'. நம் வெயிலைத் தாங்கும்.

அந்தப் பெல்ட்ஸ்வில் இனத்துக்கு ஒரு வினோத வரலாறு உண்டு. 1950-களில் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் மார்லோ ஓல்சன், சேவலே சேராத பெட்டைகளின் முட்டைகளில் சிலவற்றில் கரு வளர்வதைக் கண்டார். பெரும்பாலானவை பாதியில் மடிந்தன. ஒரு சில பொரிந்து வளர்ந்தும் விட்டன. பொரிந்தவை எல்லாமே சேவல். சேவல் சேர்ந்த முட்டையிலும் ஒரு விசேஷம் இருக்கிறது: ஒருமுறை இணை சேர்ந்தால் பெட்டை அந்த விந்தை உடலுக்குள் சேமித்துவைத்துப் பல வாரங்களுக்குக் கருவுள்ள முட்டை இடும். சேவலை விற்றுவிட்ட பிறகும் அந்த முட்டைகளை அடை வைக்கலாம்.

*

அடை. வான்கோழிப் பெட்டைக்கு இதில் பிடிவாதம் அதிகம். பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் உட்கார்ந்துவிடும், 28 நாள். நாளுக்கு ஒருமுறை எழுந்து தீனியும் தண்ணீரும் எடுத்து எச்சமிட்டுத் திரும்பும். தீனியையும் தண்ணீரையும் அதற்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழாமலே மெலிந்துபோகும். உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுவிடும். முட்டைதான் வேண்டும் என்றால், உட்கார்ந்த முதல் இரண்டு நாளுக்குள் வெளிச்சமும் காற்றும் உள்ள கம்பித்தரைக் கூண்டுக்கு மாற்ற வேண்டும்.

நாட்டுக்கோழியிடமும் நாலைந்து வான்கோழி முட்டையை வைக்கலாம். அதன் சொந்த முட்டையையும் சேர்த்து வைப்பதானால் ஒரு வாரம் கழித்துத்தான் அதை வைக்க வேண்டும், அது 21 நாளில் பொரிந்துவிடும். ஆனால் நாட்டுக்கோழியோடு வளரும் வான்கோழிக் குஞ்சுக்கு ஈரலைத் தாக்கும் கருந்தலை நோய் வரும் ஆபத்து இருக்கிறது. கோழியின் குடற்புழு வழியாகப் பரவுவது அது. பொரிந்ததும் பிரித்து வேறு மண்ணில் விடுவதே நல்லது.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவது எங்கள் வழக்கம். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்பார்கள். உண்மையில் இங்கே முட்டையைக் கெடுப்பது வெயில். சித்திரை வைகாசியில் கூரைக்குக் கீழே கிடந்தாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடியும். சேர்க்கிற முட்டையை ஈரமணல் பானைமேல் நிழலில் வைத்து, ஒரு வாரம் தாண்டாமல் அடைக்கு வைத்துவிட வேண்டும்.

*

குஞ்சுகளைத் தாய் காதால்தான் அடையாளம் காண்கிறது. 1960-இல் வொல்ஃப்காங் ஷ்லைட்டும் உடன் ஆய்ந்தவர்களும் காது கேளாத பெட்டைகளைக் கவனித்தார்கள். குஞ்சின் கீச்சொலி எட்டாததால் அவை தம் குஞ்சுகளையே எதிரி என்று கொத்திக் கொன்றன. இதைப் படித்ததிலிருந்து, பொரிக்கும் வாரத்தில் அடைக்கூடையை லாரிச் சத்தம் கேட்கும் தெருப்பக்கம் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பொரிந்த குஞ்சு தீனி எடுக்கத் தெரியாமல் பட்டினியில் சாவதுண்டு. முதல் பதினைந்து நாள் பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை, லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி பால். பச்சை நிறம் அதைக் கவரும். கீரையைப் பொடியாக நறுக்கித் தூவினால் கொத்தக் கற்றுக்கொள்ளும்.

*

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கழிமுகத்துக் கிளிஞ்சலை இடித்துப் போடுவது பழைய வழக்கம். இப்போது நான் அதைச் செய்வதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த நீர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எல்லாம் அந்தச் சேற்றில்தான் இறங்கியிருக்கின்றன. மேயும் கோழி மண்ணைக் கொத்துகிறது; மண்ணில் இருப்பது மஞ்சள் கருவின் கொழுப்பில் சேர்கிறது. கேரளத்தின் ஏலூர் தொழிற்பேட்டை அருகே வீட்டுக்கோழி முட்டைகளைச் சோதித்து, அவற்றில் டையாக்சின் இருப்பதை 2005-இல் வெளியிட்டார்கள். எண்ணூர் முதல் காட்டுப்பள்ளி வரை மேயும் கோழிகளின் முட்டையையும் அப்படிச் சோதித்து, முடிவை எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரை கிளிஞ்சலைக் கடையில் வாங்குகிறேன், தீனியைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வைக்கிறேன், கழிமுகக் கரைப்பக்கம் பெட்டைகளை விடுவதில்லை.