துர்பே சண்டையும் ஆறு வாகை மரப் பொம்மைகளும்

"கள்ளக்குறிச்சியில உக்காந்துகிட்டு உனக்கு எதுக்குய்யா ஜெர்மன்காரன் சண்டை?"

என் மேசையைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ரெண்டாவது கேள்வி, "இதுல என்ன வருமானம்?" ரெண்டாவதுக்குப் பதில் ரொம்ப சுலபம். ஒண்ணும் கிடையாது :) முதல் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சிலுவைப் போர்னு சொன்னா நமக்கெல்லாம் ஜெருசலேமும் பாலைவனமும்தான் ஞாபகம் வரும். அதே காலத்துல வடக்கே, பால்டிக் கடலோரமா இன்னொரு சிலுவைப் போர் நடந்துச்சு. இன்னைக்கு லாட்வியா, எஸ்டோனியா, லித்துவேனியான்னு சொல்ற ஊர்கள். 1201-ல் ஆல்பர்ட் என்கிற பிஷப் ரிகா நகரத்தை நிறுவுறார். மறுவருஷமே 'வாள் சகோதரர்கள்'னு ஒரு துறவிப் படை. 1236-ல் சவுலே சண்டையில அந்தப் படை நொறுங்கிப் போச்சு. தலைவர் வோல்க்வினும் காலி. மிச்சம் மீதி ஆளுங்களை அடுத்த வருஷம் டியூட்டானிக் ஆர்டர் தன்னோட சேர்த்துக்கிச்சு. வெள்ளை மேலங்கி, அதுல கறுப்புச் சிலுவை. படத்துல பார்த்திருப்பீங்க.

எதிர்ப்பக்கம் லிவ், கூர், செம்கல்லியர், ஷெமாய்த்தியர்னு காட்டுக்குள்ள மரக்கோட்டை கட்டி வாழ்ந்த ஜனங்க. இவங்க எழுதி வச்சது எதுவும் நம்ம கைக்கு வரலை. இவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுல முக்கால்வாசி எதிரி எழுதின குறிப்பு. லிவோனியாவின் ஹென்றின்னு ஒரு பாதிரியார் எழுதி வச்சிருக்கார்: ஞானஸ்நானம் வாங்கின லிவ் மக்கள் தௌகாவா ஆத்துல இறங்கிக் குளிச்சு அதைக் கழுவி விட்டாங்களாம். செம்கல்லியர்கள் வடக்கயிறு கொண்டுவந்து புதுசா கட்டின கல்கோட்டையை ஆத்துக்குள்ள இழுத்துத் தள்ளப் பார்த்தாங்களாம். சுண்ணாம்புக் காரை வச்சுக் கட்டியிருக்குன்னு அவங்களுக்குத் தெரியலை. அவர் நக்கலாத்தான் எழுதியிருக்கார். எனக்கென்னவோ அந்தக் கயிறைப் படிச்சதும் சிரிப்பு வரலை. நேரா படை கட்ட உக்காந்துட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். படை கட்டுறது எப்படி?

ரஷ்யாவுல 'ஸ்வெஸ்தா'ன்னு ஒரு கம்பெனி 1/72 அளவுல லிவோனிய வீரர்கள் பெட்டி போட்டிருக்கு. ஆள் உயரம் கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர், சுண்டுவிரல் ரெண்டு கணு. மெத்துனு இருக்கிற பிளாஸ்டிக். அப்படியே பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துடும். முதல்ல சோப்புத் தண்ணியில கழுவணும், காஞ்சதும் ஃபெவிகாலைத் தண்ணி விட்டுக் கலக்கி ஒரு பூச்சு. அதுக்கு மேலதான் அக்ரிலிக். சிலுவைக்காரங்களுக்கு இவ்வளவு போதும்.

எதிர்ப்பக்கத்துக்குத்தான் தாவு தீரும். பெட்டியில வர்ற ஆளுங்களோட இரும்புக் குல்லாவைச் செதுக்கி எடுத்துட்டு, எம்-சீல்ல தோல் தொப்பி வைப்பேன். ஈட்டிக்கு பிரஷ்ஷோட நைலான் முடி. அந்தப் பக்கத்து ஜனங்களுக்குன்னு ஒரு கேடயம் உண்டு, நீளச்சதுரமா நடுவுல நெட்டா ஒரு மேடு வச்சது. அது ஐஸ்கிரீம் குச்சியில. பைன் மரத்துக்குத் தேங்காய் நாரைக் கம்பியில முறுக்கி, கத்தரிச்சு, பச்சை அடிச்சா ஆச்சு. தரைக்கு மரத்தூள். எங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமே இல்லை. பனிக்கு சமையல் சோடாவும் ஃபெவிகாலும். வெளிய சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, உள்ள நான் ஏரிக்குப் பனி போட்டுக்கிட்டு இருப்பேன் :)

ஆடுறது 'லயன் ராம்பண்ட்' விதிகள்ல. 2014-ல் டேனியல் மெர்சி எழுதினது. காலாட்படைக்குப் பன்னிரண்டு பேர், குதிரைக்கு ஆறு பேர்னு குழு. ஒவ்வொரு குழுவையும் நகர்த்த ரெண்டு தாயக்கட்டை போடணும். தேவையான எண் விழலைன்னா அவ்வளவுதான், முறை எதிராளிக்குப் போயிடும். கனத்த கவசம் போட்ட குதிரைவீரங்க பக்கத்துல எதிரியைப் பார்த்தா நீங்க சொல்லாமலே பாய்ஞ்சிடுவாங்க. புள்ளிக்குப் பேர் 'புகழ்'. நம்ம புறநானூற்றுக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்.

சும்மா சொல்லலை. இந்தப் போர் பெரும்பாலும் மைதானத்துல நடந்ததில்லை. குளிர்ல ஆறும் சதுப்பும் உறைஞ்சதும் உள்ள புகுந்து மாட்டையும் ஆளையும் ஓட்டிக்கிட்டு வர்றது, இல்லேன்னா கோட்டையை வளைக்கிறது. வெட்சி, கரந்தை, உழிஞை, நொச்சின்னு நாம பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினதேதான்! என் ஆட்டங்களுக்கெல்லாம் திணைப் பேர்தான் வச்சிருக்கேன். மாடு பிடிக்கிற ஆட்டம் வெட்சி, மரக்கோட்டை காக்கிற ஆட்டம் நொச்சி.

"அப்போ காரியும் ஓரியும் பண்ண வேண்டியதுதானே? திருக்கோவிலூர் பக்கத்துலதானே இருக்கு"ன்னு கேட்பீங்க. கேட்டாங்க. மலையமான் காரி நம்ம மாவட்டத்துக்காரன், குதிரைக்கும் காரின்னுதான் பேரு. வரும். ஒருநாள் கண்டிப்பா வரும். இப்போ துர்பே.

துர்பே, 1260 ஜூலை 13. ஷெமாய்த்தியர்களைப் பிடிக்க ஆர்டர் படை போகுது. கூட, அதுக்கு முன்னமே அடங்கிப்போன கூர் இனத்து ஆளுங்களும் போறாங்க. ஷெமாய்த்தியர்கள் அப்போதான் கூர் நாட்டுல கொள்ளையடிச்சுப் பெண்டு பிள்ளைகளைப் பிடிச்சு வச்சிருக்காங்க. சண்டைக்கு முன்னாடி கூர் ஆளுங்க ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறாங்க: ஜெயிச்சா எங்க பெண்டு பிள்ளைகளை எங்ககிட்ட விட்டுடுங்க. ஆர்டர் தரப்பு முடியாதுன்னுடுச்சு. பிடிபட்டது ஜெயிச்சவனுக்குத்தான், வழக்கம் அப்படி. சண்டை மும்முரமா இருக்கிறப்போ கூர் படை பின்னால இருந்து ஆர்டர் மேலேயே விழுந்துச்சு. 150 மாவீரர்கள் காலி, லிவோனியத் தலைவர் உட்பட. அதுக்கப்புறம் பிரஷ்யாவுல பெரிய கலகமே வெடிச்சு 1274 வரைக்கும் ஓடுச்சு.

இதை ஆட்டமாக்க ஒரு விதி சேர்த்தேன். ஆரம்பிக்கும்போதே ஆர்டர் ஆடுறவர் முடிவு சொல்லணும். கைதிகளை விடுவேன்னா மூணு புகழ்ப்புள்ளி போச்சு. மாட்டேன்னா ஒவ்வொரு சுற்றுலயும் கூர் படைக்குத் தாயம் உருட்டணும், கெட்ட எண் விழுந்தா அவங்க அந்தப் பக்கம். வெள்ளிமலையிலிருந்து வர்ற நண்பர் ஒருத்தர், பக்கத்துத் தெரு வாத்தியார், நான்... யாருமே ஒருதடவை கூட 'விடுவேன்'னு சொன்னதில்லை. கையில இருக்கிற மூணு புள்ளி பெருசா, வரப்போற துரோகம் பெருசா? மூணு புள்ளிதான் பெருசு, எப்பவும்.

போன கோடை லீவுல அக்கா பொண்ணு வந்திருந்தா. ஆறாம் வகுப்பு. விதியைப் பொறுமையா கேட்டுட்டு மேசை முழுக்க ஒரு தடவை தேடினா.

"மாமா, அந்தப் பசங்கள்லாம் எங்க?"

"எந்தப் பசங்க?"

"விடணுமா வேணாமான்னு கேட்டீங்களே. அவங்க பொம்மையே இல்லையே?"

வெள்ளிமலை நண்பர் என்னைப் பார்த்தார். எந்தப் பெட்டியிலயும் கைதிகள் வர்றதில்லை. சண்டைக்காரன் வருவான், கொடி பிடிக்கிறவன் வருவான், கொம்பு ஊதுறவன் கூட வருவான். அவங்க வெறும் மூணு புள்ளி.

நண்பர்தான் சொன்னார்: "அண்ணே, எங்க மலையும் 1976 வரைக்கும் ஜாகிர்தார்ங்க கையிலதான் இருந்துச்சு. எங்க ஜனங்களும் கணக்குப் புத்தகத்துல வெறும் தலைக்கட்டாத்தான் இருந்திருப்பாங்க. இதுலயாவது ஆளை வச்சிடுங்கண்ணே."

எம்-சீல்ல பண்ணிப் பார்த்தேன், மனசுக்குப் பிடிக்கலை. நம்ம ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சது தெரிஞ்சிருக்கும். அந்த வேலை பண்ற ஒரு பெரியவர்கிட்ட போனேன். ஆளுயரச் சாமி செதுக்குறவர்கிட்ட ரெண்டு கணு உயரத்துக்கு ஆறு பொம்மை கேட்டா என்ன சொல்வார்? "எந்தச் சாமி?"ன்னார். கதையைச் சொன்னேன். வாகைத் துண்டு ஒண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். ஜெயிச்சவன் சூடுற பூவோட மரம், செதுக்கப் போறது பிடிபட்டவங்களை. நான் அதைச் சொல்லலை, அவருக்கு வேலை இருந்துச்சு.

பத்து நாள் கழிச்சுப் போனா அஞ்சு பொம்பளைங்க, இடுப்புல குழந்தையோட ஒருத்தி. எல்லாருக்கும் மூக்கு, வாய், கொண்டை. "இவ்வளவு சின்னதுல முகம் தெரியாதேய்யா"ன்னேன். "தெரியாட்டி என்ன, இருக்கணும்ல. கண்ணை நீயே தொறந்துக்க"ன்னுட்டார். சிலைக்குக் கண் திறக்கிறது கடைசி வேலை. எங்க பொழப்புலயும் அதுதான் கஷ்டமான வேலை. ஊசி முனையில கறுப்பு தொட்டு, மூச்சைப் பிடிச்சு, ஒரு புள்ளி. ஏழு முகம், பதினாலு புள்ளி.

செங்கம் பக்கத்து நடுகல்லுங்க ஞாபகம் வந்துச்சு. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல், கல்லுல பேரு. எடத்தனூர்ல கோவிவன்னு ஒரு நாய்க்குக் கூட பேரு பொறிச்சிருக்கு. துர்பேயில யாரோட பேரும் எனக்குக் கிடைக்காது. முகம் வச்சாச்சு, அது போதும்.

இப்போ ஆட்டத்துல விதி அதேதான், மூணு புள்ளியும் அதேதான். ஆனா அந்த ஆறு பொம்மையையும் ஆர்டர் ஆடுறவர் முன்னாடி வச்சிட்டுத்தான் கேட்கிறோம். பாப்பா யோசிக்காம 'விடுறேன்'னா, ரெண்டு புள்ளியில தோத்தா, பொம்மைகளைக் கையோட எடுத்துக் கூர் பக்கம் வச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டா. வாத்தியார் இன்னும் 'மாட்டேன்'தான். ஆனா இப்பல்லாம் சொல்றதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறார்.

டிஸ்கி: காரி, ஓரி காலத்து வீரன் என்ன உடுத்தியிருப்பான், குதிரைக்கு எப்படிக் கடிவாளம் போட்டிருப்பான்னு விவரம் தெரிஞ்ச புண்ணியவான்கள் சொல்லுங்க. மரத்தூள் தயாரா இருக்கு :)