தசைநோவு

எண்ணூர்க் கடற்கரையில் வாழும் எம்மனோர்க்கு உடலுழைப்புப் புதியதன்று. வலையிழுப்போரும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த ஊர் இது. ஆயினும், தேகப்பயிற்சிச் சாலையிற் புதிதாய்ச் சேரும் இளைஞர் சிலர் மூன்றாம் நாளே அதனைக் கைவிடக் காண்கின்றேன். காரணம் வினவின், 'உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது' என்பர். யானும் இரும்பெடுக்கத் தொடங்கிய நாளில் அந்நோவை நன்கு துய்த்தேன். அதன் இயல்பை அறியும் விருப்பமும் அதனாற் பிறந்தது.

இந்நோவு பயிற்சியின்பொழுதே தோன்றுவதன்று. மறுநாளிலே தலைகாட்டி, 24 முதல் 72 மணி நேரத்துள் மிகுந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துள் அடங்கும். லாக்டிக் அமிலத்தின் தேக்கமே காரணம் என்பார் இன்றும் பலர். அது பொருந்தாது. அவ்வமிலம் ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடும். நோவோ அதன் பின்னரே வருகின்றது. தசையினுள் நேரும் நுண்ணிய கிழிவே காரணமாகலாம் என்று தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியலறிஞர் 1902ஆம் ஆண்டிலேயே கருதினார். தசை நீண்டுகொண்டே பாரந் தாங்கும்பொழுது இச்சிதைவு மிகும். ஆதலின், பாரத்தை ஏற்றுதலினும் மெல்ல இறக்குதலும், படி ஏறுதலினும் இறங்குதலும் மிக்க நோவு தரும். சிதைந்த இடத்தை உடல் தானே செப்பனிடும். சின்னாள் கழித்து அப்பயிற்சியையே மீண்டும் செய்யின் நோவு குறையும். இக்காப்புச் சில வாரம் நிற்கும். நெடுநாள் விடின் தேயும்.

என் தாய்மாமன் காசிமேட்டு விசைப்படகிற் செல்பவர். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகட்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. தடை நீங்கிக் கடல் புகுந்த மறுநாள் தோளும் தொடையும் நோகும் என்பார். 'நாலு நாள் வலை இழுத்தால் சரியாய்ப் போகும், மாப்பிள்ளை' என்றும் சொல்வார். அறிஞர் ஆய்ந்து கண்டதை அவர் ஆண்டுதோறும் உடம்பாலே கற்கின்றார். ஆயின், ஒன்று என் நெஞ்சை வருத்துகின்றது. நோவுற்றால் யான் பாரத்தைக் குறைப்பேன். ஒரு நாள் ஓய்ந்தும் இருப்பேன். நடுக்கடலில் அவர்க்கு அவ்வுரிமை இல்லை. நோவு இருவர்க்கும் ஒன்றாயினும் ஓய்வு எனக்கே வாய்த்தது.

நண்பர்காள், நோவைக் கண்டு பயிற்சியை விடற்க; நோவே பயனுக்கு அளவுகோல் என்றும் எண்ணற்க. சிறிது சிறிதாய்ப் பாரத்தைக் கூட்டுமின். நோவுள்ள நாளில் மெல்ல நடத்தலும், நல்லுணவும், உறக்கமும் போதும். வலி தாங்கொணாததாகித் தசை வீங்கிச் சிறுநீர் கருஞ்சிவப்பாய்ப் போமாயின், அது வேறு நோய். சிதைந்த தசையின் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடுமாதலின், அன்றே மருத்துவமனையை அடைதல் வேண்டும்.

வரும் ஜூன் திங்களில் மாமன் கரையேறும் நாளில், மீன்கூடை சுமக்க யானும் காசிமேடு செல்லக் கருதியுள்ளேன். பயிற்சிச் சாலையிற் பெற்ற வலிமை அவர் தோட்சுமையைச் சிறிதேனும் குறைக்குமாயின், அதுவே எனக்குத் தக்க பரிசாகும்.