எழுந்து நின்றார்கள், பாடவில்லை

ஏற்றுமானூரிலிருந்து பாலா போகும் பஸ்ஸில் ஏறி கிடங்கூர் என்றதும், “முருகன் கோயிலுக்கா?” என்றார் கண்டக்டர். கோயிலுக்கும்தான். ஆனால், மீனச்சில் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்தது ஒரு வழக்குக்காக.

1985-ல் இங்கே ஒரு பள்ளியில் பிஜோ இம்மானுவேலும் அவனுடைய இரண்டு தங்கைகளும் படித்தார்கள். யெகோவா சாட்சிகள் குடும்பம். காலை அசெம்பிளியில் தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நிற்பார்கள்; பாட மட்டும் மாட்டார்கள். பாட்டின் சொற்களில் அவர்களுக்குக் குறை இல்லை, பாடுவதை மதம் அனுமதிக்கவில்லை. இவர்களின் அக்காக்களும் அப்படித்தான் நின்றார்கள். யாரும் கண்டுகொண்டதில்லை.

ஒரு எம்.எல்.ஏ. கண்ணில் பட்டது. சட்டசபையில் கேள்வி, விசாரணைக் கமிஷன். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், அவமரியாதை செய்யவில்லை என்றுதான் கமிஷன் சொன்னது. ஆனாலும், ஜூலையில் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கேரள உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நிற்பதே மரியாதைதான் என்று தீர்ப்பெழுதி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

பள்ளியில் படித்தபோது, வரி மறந்துபோய் வாயை மட்டும் அசைத்தவன் நான். என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை.

ஆற்றோர டீக்கடையில் இருந்த பையனுக்கு இந்த வழக்கு தெரியவில்லை. சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கொண்டே, “சும்மாதானே நின்னாங்க?” என்றான், பாதி தமிழில்.