அட்டைப் பெட்டிக்குள் பனமலை

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மலையும் தாளகிரீஸ்வரர் கோயிலும் தெரியும். ஆனால் முழங்கால் வலி வந்தபின் என் மனைவி மலை ஏறிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. வாசலிலிருந்தே கும்பிட்டுக்கொள்வாள்.

2017 பொங்கலுக்குச் சென்னையிலிருந்து பேரன் வந்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. விலை 200 ரூபாய்க்கும் குறைவு. முன்பக்கம் இரண்டு லென்சுகள். பின்பக்கம் போனைச் செருக ஓர் இடம். அவ்வளவுதான்.

"இது கூகுள் கார்ட்போர்டு, தாத்தா" என்றான். 2014இல் கூகுளின் பாரிஸ் அலுவலகத்தில் டேவிட் கோஸ், டேமியன் ஆன்ரி என்ற இரண்டு பொறியாளர்கள் உருவாக்கியதாம். புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பாரிஸ் என்றதும் காது நிமிர்ந்தது. எங்கள் கோயிலில் இருக்கும் பல்லவர் கால உமையின் ஓவியத்தை வெளியுலகுக்குக் காட்டியவரும் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர்தானே!

முதலில் என் போனைச் செருகினோம். தலையைத் திருப்பினாலும் படம் அசையாமல் நின்றது. அதில் கைரோஸ்கோப் இல்லையாம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று போனுக்குச் சொல்வது அந்த உணர்கருவிதான். பிறகு பேரனின் போனை வைத்தோம். இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு படங்கள். மூளை இரண்டையும் சேர்த்து ஆழம் காண்கிறது. 1838இல் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிகளை வைத்துக் காட்டிய வித்தையேதான் இது.

மறுநாள் காலை அவன் மலை உச்சிக்குப் போய், போனை நீட்டிப் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்று சுற்றிப் படம் எடுத்து வந்தான். அந்தச் செயலி ஒலியையும் சேர்த்தே பதிவு செய்யும்.

"ஆயா, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்க. நின்றால் தலை சுற்றும்" என்று பெட்டியைக் கொடுத்தான்.

அவள் மெல்லத் திரும்பினாள். "என்னங்க, விமானம்! ஏரி! காத்து சத்தம்கூட கேக்குதே!" என்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். "என் காலையே காணோமே?"

எடுத்த படத்தில் அவள் கால் எப்படி இருக்கும்? நாங்கள் சிரித்தோம். அவளோ பெட்டியை எடுக்காமலேயே, "காணோம்னா நல்லதுதான். வலியும் தெரியலை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பத்து ஆண்டுகளில் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நான் மட்டும் ஏறிவிட்டு வந்து விபூதியை நீட்டுவேன். மேலே என்ன பார்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

பொங்கல் முடிந்து பேரன் போனான். அவன் போனோடு மலையும் போயிற்று. பெட்டி மட்டும் அலமாரியில் இருந்தது. அடுத்த மாதம் பென்ஷன் வந்ததும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கேமரா, பேட்டரி என்று அடுக்கினார். நான் கேட்டது ஒன்றுதான்: "கைரோஸ்கோப் இருக்கா தம்பி?"