உம்மாவின் இராக்கணக்கு

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கற்பிட்டிக் கரையில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கினோம். நிவாரணமாக அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி கிடைத்தன. அவற்றை வைத்தே உம்மா வாரத்தின் இரவுகளைப் பங்கிட்டார். ஒருநாள் மாவை அவித்துப் பிட்டு; மறுநாள் தேங்காய்ப்பூ ரொட்டியும் சம்பலும்; அடுத்தநாள் சோறும் பருப்பும். கரைவலைக்காரர் தந்த நெத்தலியைக் காயவைத்துப் போத்தலில் அடைத்தார். அது விருந்தாளிக்கு. "நாளைக்கு என்னெண்டு இண்டைக்கே தெரிஞ்சா பயமில்ல மகன்" என்பார்.

இல்லாத வீட்டுக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இல்லாத வீட்டுக்குத்தான் அது வேண்டும். இருப்பவர்கள் நினைத்ததை வாங்கிக்கொள்ளலாம்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, என் மனைவி உம்மாவின் கணக்கைச் சமையலறைச் சுவரில் எழுதினார். விறகடுப்பு, இரவுக்கு ஒரே கறி. வெறும் சிலிண்டருடன் திரும்பிய அயல்வீட்டுக்காரரைப் பிள்ளைகளோடு சாப்பிட அழைத்தோம். அன்றிரவு நெத்தலிப் போத்தலைத் திறந்தோம்.